மாமாவின் கைலி

ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயில் ஏறிய கணவனும் மனைவியும் என் எதிரே நின்றார்கள். கணவருக்குச் சட்டைக்குள் அடங்காத தோள்கள்.

“என் கால் எங்க அப்பாவோடதுலா,” என்றார்.

“என்ன உளறுறீங்க?”

“எப்பவும் கணுக்கால் வரைக்கும் கைலி கட்டுற அப்பாவ நேத்து நீச்சல் குளத்துல மொத தடவையா அரைக்கால் சட்டையில பார்த்தேன். அதே கெண்டைக்கால், சாத்தேக் கறி குத்துற குச்சி மாதிரி. ஜிம்முல மூணு வருஷம் அடிச்சும் வளரலன்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். கோச்கிட்ட சொன்னேன். பரம்பரையா வர்றதுலா, உன் தப்பு இல்லன்னுட்டாரு.”

“அப்ப, கால் பெருக்க வாங்கி வச்ச ஸ்டீராய்டு ஊசி?”

“போட மாட்டேன். தூக்கிப் போட்டுட்டேன்.”

அந்த அம்மா கம்பியை இறுகப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார்.

“மாமா கைலிய ஒரு நாளாவது மடிச்சுக் கட்டியிருந்தா, இந்த ஒரு மாசமும் நான் தூங்கியிருப்பேன்.”