சோற்றுப் பானையில் இஞ்சின் ஒயில்

கனடாவில் ஒரு தை மாதக் காலை, வோபர்ன் பக்கம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவனின் மடியில் பழைய விமானப் படம் போட்ட லைப்ரரிப் புத்தகம்.

"கார் ஒயிலை வடிச்சு என்ரை சோத்துப் பானையிலை காய்ச்சியிருக்கிறியள்," என்றார் மனைவி.

"அந்த நாளையிலை இஞ்சை வடக்கிலை பறந்த பைலட்மார் அப்பிடித்தான் செய்தவை. பொழுதுபட ஒயிலை வடிச்சு, விடியச் சூடாக்கி ஊத்தினால்தான் பிளேன் ஸ்ராட் வரும். இல்லாட்டி உறைஞ்சு போம்."

"எங்கடை கார் ஸ்ராட் வந்ததோ?"

"அது பற்றறிப் பிழை."

"சிற்றிசன் சோதினைக்குப் படியுங்கோ எண்டால் பிளேன் புத்தகம். இன்னும் அரை மணித்தியாலந்தான் கிடக்கு."

"இதுவும் கனடாச் சரித்திரம்தானேயப்பா. ஐஸிலை இறங்கப் பிளேன் சில்லைக் கழட்டிப்போட்டுச் சறுக்குப் பலகை பூட்டினவை, தெரியுமோ?"

மனைவி புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பைலட்மார் கலியாணம் கட்டினவையோ?"

கணவன் நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்தார்.

"அதைப் பற்றி இதிலை ஒண்டும் இல்லை."

"எழுதத் தேவையில்லை. ஒயில் காய்ச்சின பானையைப் பற்றி ஒருத்தியும் ஒண்டும் கேக்கேல்லை எண்டால் அவைக்குப் பெண்சாதி இல்லையெண்டு விளங்காதே?" என்று மனைவி சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்க மப்ளரை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.