மனுதாரரிடம் நிலுவை

உங்கள் தாள்களின் மேல் ஏதாவது கனமாக வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்த ஜன்னலின் கொக்கி பத்து வருடமாகவே சரியில்லை. காற்றடித்தால் என் வாக்குமூலம் கீழே புல்தரையில் போய்க் கிடக்கும். இந்த அறையில் பதினேழு வருடம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

என் பிரிவின் வேலை இதுதான். சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவருக்கு, உறவல்லாத இன்னொருவர் தன்னுடையதைத் தர முன்வந்தால் அரசின் அனுமதி வேண்டும். மிரட்டி வாங்கினார்களா, விலை பேசினார்களா என்று விசாரித்து, கோப்பை அமைச்சரிடம் வைப்போம். அவர் கையெழுத்துப் போட்டால் அறுவைசிகிச்சை நடக்கும். நான் பிரிவு அதிகாரி. கை சுத்தமானவன். மனுதாரர் எவரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. என்னைப் பிடிக்காதவர்களே இதைச் சொல்வார்கள்.

தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. பழைய அமைச்சர் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பேனாவை மூடிவிட்டார். புதிய அமைச்சர் யார் என்பதில் கூட்டணிக்குள் இழுபறி. கையெழுத்துப் போட ஆளில்லை. கோப்புகள் மட்டும் வந்து குவிந்தன. அந்த நேரம் பார்த்துப் புதிய சட்டமன்றம் ஒரு குழுவை அமைத்தது, மக்களின் மனுக்கள் எங்கெங்கே தூங்குகின்றன என்று பார்க்க. மூன்று வாரத்தில் எங்கள் முறை என்று கடிதம் வந்தது.

குழு அனுப்பிய படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று, ‘அலுவலகத்தில் நிலுவை’. மற்றது, ‘மனுதாரரிடம் நிலுவை’. அதாவது, நாங்கள் ஏதோ கேட்டு, அவர் இன்னும் தராதது. முதல் கட்டத்தில் எங்களுக்கு இருநூற்றுப் பதினெட்டு. எல்லாம் விசாரித்து முடித்தவை, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இதைவிடக் குறைந்த எண்ணிக்கைக்கே பக்கத்துத் துறை அதிகாரியைக் குழு வாங்கு வாங்கென்று வாங்கியது. அன்று மாலையே தற்காலிகப் பணிநீக்கம். அவர் ஓய்வு பெற நாலு மாதம்தான் இருந்தது. என் கீழே ஆறு பேர் இருந்தார்கள். யாரோ போடாத கையெழுத்துக்கு அவர்கள் தலை உருளுவது நியாயமா?

கூடுதலாக ஒரு சான்று வேண்டும் என்று கடிதம் போட்டால் கோப்பு இரண்டாவது கட்டத்துக்குப் போய்விடும். ஆனால் மனுதாரர் ஒரே வாரத்தில் சான்றைக் கொண்டுவந்து நீட்டினால் கோப்பு மறுபடி நம் தலையில் விழும். ஆகவே எந்தச் சான்று என்று நிதானமாக யோசித்தேன். மாவட்ட அதிகாரி நேரில் விசாரித்துத் தரும் சான்று ஒன்று விதியில் இருக்கிறது. ‘தேவைப்பட்டால் கேட்கலாம்.’ நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. மாவட்ட அதிகாரிகளை அப்போதுதான் கூண்டோடு மாற்றியிருந்தார்கள். புதியவர்கள் வரவில்லை. எல்லா நாற்காலியும் காலி. அதனால்தான் அந்தச் சான்றைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

தட்டச்சு செய்த அம்மா மட்டும் கேட்டார். “சார், இது இல்லாமலேதானே எல்லா ஃபைலையும் முடிச்சோம்?”

“கேட்டா தப்பில்லையேம்மா. ரூல்ல இருக்கே.”

அவர்தான் பிறகு உங்களுக்கு எழுதிப் போட்டார் என்று தெரியும். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை.

மொத்தம் இருநூற்று ஒன்பது கடிதங்கள். நிலுவையே இல்லை என்றால் சந்தேகம் வரும் என்று ஒன்பது கோப்புகளைத் தொடாமல் விட்டேன். கடிதக் கட்டில் பாதிக்கு மேல் தாண்டியபோது என் தங்கையின் பெயர் வந்தது.

ஒரே தங்கை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதே பள்ளியின் கணக்கு டீச்சர், உடன்பிறந்த நான் பொருந்தாதபோது, தானே வந்து தருகிறேன் என்றவர். தங்கையின் கோப்பு வந்த அன்றே, எனக்குச் சொந்தம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்து, விசாரணையை இன்னொருவரிடம் ஒப்படைத்தேன். நான் அப்படிப்பட்டவன். இப்போது அவளுக்கான கடிதத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். அந்த ஒன்பதில் ஒன்றாக அவளை வைத்திருக்கலாம். ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் தங்கைக்கு மட்டும் சலுகையா? கையெழுத்துப் போட்டேன்.

குழுத் தலைவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “ஒன்பதுதானா? பரவாயில்லையே, இப்படியும் ஒரு ஆஃபீஸ் இருக்கே!” என்றார். ஒரு பெண் உறுப்பினர் மட்டும் இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்து, “இத்தனை பேரும் ஏன் பதில் தரல?” என்று கேட்டார்.

“நினைவூட்டல் அனுப்பியிருக்கோம், மேடம்,” என்றேன். பொய்யில்லை. அதையும் அனுப்பியிருந்தேன்.

குழு வந்துபோன நாலாம் நாள் புதிய அமைச்சர் வந்தார். மேசையில் இருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கையெழுத்திட்டார். மேசையில் ஒன்பது கோப்புகள் இருந்தன. அந்த ஒன்பது பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். மற்றவர்களில் இருபத்து மூன்று பேர் இல்லை. அந்தப் பட்டியல் என்னைவிட உங்களிடம் சரியாக இருக்கும்.

தங்கை அந்தச் சான்றுக்காக மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ஐந்து தடவை. ஐந்து தடவையும் அதிகாரியின் நாற்காலி காலி. “அண்ணன் நேர்மையா இருக்கறவரு, அவரப் போய் சங்கடப்படுத்தக் கூடாது,” என்று கணவரைக்கூட என்னிடம் பேச விடவில்லை. அமைச்சர் வந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கால் செருப்புக்குள் நுழையாமல் கணவரின் செருப்பைப் போட்டு வந்திருந்தாள்.

“அண்ணா, தப்பா நினைச்சுக்காத. சிபாரிசுக்கு வரல. அந்தச் சான்று நிஜமாவே வேணுமா? அத மட்டும் சொல்லு.”

வேண்டாம் என்று சொன்னால் அவள் டீச்சரிடம் சொல்வாள். டயாலிசிஸுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர்களிடம் சொல்வாள். மறுநாள் இருநூற்று ஒன்பது குடும்பமும் என் வாசலில் நிற்கும். குழுவின் அறிக்கை இன்னும் சபைக்கு வரவில்லை.

“வேணும்மா. அது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது,” என்றேன்.

“சரிண்ணா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

என் மனைவி கொடுத்த தண்ணீரை, அளவுக்கு மேல் குடிக்கக் கூடாதென்று, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை ஆறாவது தடவையாகப் போனாள். திரும்பி வரும்போது பேருந்திலேயே மூச்சு அடங்கிவிட்டது. நடத்துநர் கடைசி நிறுத்தத்தில்தான் கவனித்தாராம். அவள் பையில் எங்கள் நினைவூட்டல் கடிதம் இருந்தது. என் கையெழுத்து. அன்றிலிருந்து என்னால் சரியாகச் சாப்பிட முடிவதில்லை, ஐயா. கையில் சோற்றை எடுத்தால் அந்தப் பெரிய செருப்புதான் கண்ணில் நிற்கிறது. நெஞ்சு உடைந்துதான் போயிருக்கிறது.

ஆமாம், அத்தனை கடிதங்களையும் நான்தான் அனுப்பினேன். அந்தச் சான்று தேவையில்லை என்று தெரிந்தும், எவராலும் வாங்க முடியாது என்று தெரிந்தும் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தங்கை என்பதற்காக நான் விதியை வளைக்கவில்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால், இதை அவளே வந்து உங்களிடம் சொல்லியிருப்பாள்.