மடிச்செவி நாய்க்கு ஓர் இனப்பெயர் பெற்றுத் தந்த பணி ஓய்வு பெறும் கால்நடை மருத்துவர் நூர் அகமது அவர்களுக்கு

பாரவண்டி மாட்டின் கழுத்துப் புண்ணுக்கும் பண்ணையார் குதிரையின் கால் புண்ணுக்கும் ஒரே மருந்தை ஒரே மனத்தோடு இட்டவரே! சாணார்பட்டிப் புழுதியைச் சட்டையிலும் சிறுமலைச் சாரலைத் தலையிலும் சுமந்து திரிந்த செம்மலே! சலித்தும் நில்லாதவரே! திண்டுக்கல் கால்நடை மருத்துவமனையின் தலைமை நாற்காலியில் அமர்ந்த நேரத்தைவிட அதன் வாசலில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவே நின்ற நேரமே மிகுதியாகக் கொண்ட பெருந்தகையே! வணக்கம்.

ஐயா, இனி வருவதைத் தங்களை நோக்கிச் சொன்னால் குறுக்கே பேசித் தடுத்துவிடுவீர்கள். ஆகவே அவையோருக்குச் சொல்கிறோம். தாங்கள் சற்றே கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே! சாணார்பட்டிப் பக்கம் ஆட்டுக்கிடை வைத்திருக்கும் பேச்சாயி அம்மாளை நம்மில் பலர் அறிவோம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் சிறுமலைத் தோட்டத்தை விற்றுவிட்டுப் போனபோது விட்டுச்சென்ற நாயையும், தம் கிடையின் வேட்டை நாயையும் இணைசேர்த்து, குட்டிகளில் நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி அவர் வளர்த்த வம்சம்தான் மடிச்செவி. செவி பாதியில் மடிந்திருக்கும், ஆட்டைக் கடிக்காது, நரியை விடாது. பார்த்தவர்கள் கேட்டு வாங்கிப்போனார்கள். ஆனால் எந்தப் பதிவிலும் அப்படியோர் இனம் இல்லை.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு வெறிநாய்க்கடி பரவி, ஊரே அஞ்சிக் கிடந்தது. உரிமம் இல்லாத நாட்டு நாய்களைக் கொல்ல உத்தரவு. சாதி நாய் என்று மருத்துவர் சான்று தந்தால் மட்டும் விடுவிக்கலாம். சந்தைக்கு ஆட்டோடு வந்த பேச்சாயியின் செவலி பிடிபட்டது. அந்தத் தாய் நாய்தான் அதுவரை வந்த நல்ல குட்டிகளுக்கெல்லாம் வேர். பேச்சாயி ஓடிவந்து ஐயா அவர்களின் மேசை முன் நின்றார்.

"சாதி நாயின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சாமி."

"அப்படி ஒரு சாதி பதிவுல இல்லையேம்மா. இல்லாததை எப்படி எழுதுவேன்?"

"இந்தா நிக்குதே! இம்புட்டுப் பெருசா நிக்குது, இல்லைங்கிறீகளே!"

பொய்ச்சான்று எழுதி இந்த ஒரு நாயை விட்டால், நாளை கடிபட்டு வரும் குழந்தைக்கு யார் பொறுப்பு என்று எண்ணி, ஐயா அவர்கள் சான்றுப் புத்தகத்தை எழுதாமலே மூடி வைத்தார். செவலியைக் கொல்லும் ஊசியைப் போட்ட கையும் அவருடையதே. செவலி அவரை மோந்து பார்த்துவிட்டு, நம்பிக்கையோடு காலை நீட்டியது. அன்று மாலை கிணற்றடியில் அவர் வெகுநேரம் கை கழுவிக்கொண்டே இருந்தார் என்று அவருடைய துணைவியார் நஜ்முன்னிசா அம்மாள் பின்னர் எங்களிடம் சொன்னார்.

அதன்பின் தொடங்கியது அலைச்சல். சென்னையில் நாயினங்களைப் பதிவுசெய்யும் சங்கத்துக்கு எழுதினார். 'கலப்பு நாய்' என்று ஒரே சொல்லில் திருப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே அச்சில் குட்டிகள் பிறப்பதைக் காட்ட வேண்டும் என்றார்கள். விடுமுறை நாள்களையெல்லாம் அதற்கே கொடுத்து, கிடை கிடையாகப் போய் அளந்தார், படம் எடுத்தார். பேச்சாயி மறுக்கவில்லை; ஆனால் அவரோடு பேசவும் இல்லை. எதிரே நிற்பவரை விட்டுவிட்டுத் தம்பி சடையாண்டியிடம், "பல்லைப் பாக்கணுமாம். பாத்துக்கிறச் சொல்லு" என்பார். ஐயா அவர்களும் சடையாண்டியிடமே நன்றி சொல்லிவிட்டு வருவார்.

வீட்டிலோ வேறு வழக்கு. நாய் தொட்ட உடையோடு வாசற்படி ஏற விடமாட்டார் நஜ்முன்னிசா அம்மாள். ஒருநாள் அவரும் கேட்டுவிட்டார்: "நம்ம வீட்டுக்குள்ள ஒரு நாயை விட முடியுமா? அதுகளுக்குப் பேரு வாங்க இப்படி அலையுறீகளே!"

"வீட்டுக்குள்ள விடுறதுக்கா கேக்குறேன்? உயிரோட விடுறதுக்குத்தான் கேக்குறேன்."

அன்றிலிருந்து, அவர் குளித்துவிட்டு வீடேற, வெந்நீர் தவறாமல் வைத்தார் அந்த அம்மையார்.

அளவுகளும் படங்களுமாக இரண்டாம் முறை அனுப்பிய கட்டு, சங்கத்தின் செயலாளர் மாறியபோது எங்கோ போயிற்று. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். இதற்கிடையில் மதுரைக்குப் பதவி உயர்வு வந்தது; வேண்டாம் என்றார்; பின்னவர்கள் முன்னேறிப் போனார்கள். தலை நரைத்தது. முழங்கால் வலித்தது. 'விட்டுவிடலாம் பவுல்ராஜ்' என்று எங்கள் கம்பவுண்டரிடம் அவர் சொன்னதுண்டு; மறுவாரமே அவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறியதும் உண்டு.

கடைசியில் சங்கத்தின் நடுவர் ஒருவர் நேரில் வந்தார். மூன்று கிடைகளில் பார்த்தார். எங்கும் அதே செவி, அதே நிதானம். அறுபத்தாறில் மடிச்செவி தனி இனமாக ஏற்கப்பட்டது. இனத்தை உருவாக்கியவர் என்ற இடத்தில் மருத்துவர் பெயரைப் போடச் சங்கத்தார் விரும்பினார்கள். "நான் உருவாக்கலையே" என்று சொல்லிப் பேச்சாயியின் பெயரைப் போட வைத்தார் ஐயா அவர்கள்.

செய்தி சொல்ல அவரும் பவுல்ராஜும் உச்சி வெயிலில் போனார்கள். பேச்சாயி கேட்டு முடித்தார். தம்பி அருகில்தான் இருந்தான். ஆனாலும் மருத்துவரையே பார்த்துக் கேட்டார்.

"இனிமே புடிச்சுட்டுப் போனா விட்ருவாகளா?"

"உரிமம் எடுத்துக்கிட்டாப் பிடிக்கவே மாட்டாங்கம்மா. பிடிச்சாலும் சாதி நாயின்னு நான் எழுதலாம்."

காலடிக்கு வந்த குட்டி ஒன்றைப் பேச்சாயி தூக்கிக்கொண்டார்.

"செவலியத்தான் விடல."

"ஆமாம்மா" என்றார் ஐயா அவர்கள்.

"வெயில்ல வந்திருக்கீக. செத்த நேரம் உக்காருங்க" என்று பேச்சாயி வேப்பமர நிழலில் சாக்கை விரித்தார். ஐயா அவர்கள் உட்கார்ந்தார். ஊர் திரும்பும் பஸ் வந்தது, ஒலி எழுப்பியது, போயிற்று. எட்டாண்டுக் களைப்பும் ஒன்றாக வந்து அமுக்கியதுபோல் மரத்தில் சாய்ந்து உறங்கிப்போயிருந்தார் அவர். எழுப்பப் போன பவுல்ராஜை, "விடப்பா, தூங்கட்டும்" என்று பேச்சாயி தடுத்தார்.

அறம் தவறாமலும் அன்பு வற்றாமலும் அரும்பணி ஆற்றிய அண்ணலே! தங்களுக்கு இணையாக உழைத்தோம் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. உடனிருந்து களைத்தோம் என்று வேண்டுமானால் சொல்லலாம். தங்கள் முழங்கால் வலி தணிக! தங்கள் துணைவியார் வைக்கும் வெந்நீர் ஆறுவதற்குள் வீடு சேரும் மாலைகள் தங்களுக்கு நிறைய வாய்க்க! நாளை முதல் தாங்கள் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை, ஐயா. நன்றாகத் தூங்குங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பிரிவால் வாடும்
கால்நடை மருத்துவமனைப் பணியாளர்கள்,
திண்டுக்கல், 1967.