புகை பிடித்த விஸ்கி

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கொப்பரை வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கிணத்துக்கடவு தாண்டியதும் மூத்தவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்தத் தீவுல சதுப்பு மண்ணை எரிச்சு, அந்தப் புகையிலதான் பார்லியக் காயவெப்பாங்களாமுங்க."

"எந்தத் தீவுங்க?"

"ஸ்காட்லாந்துல ஐலான்னு ஒண்ணுங்க. மாப்பிள்ளை வெளிநாட்டுல இருந்து வர்றப்ப அங்கத்து விஸ்கி வாங்கியாந்தாரு. கெடா விருந்துல சொந்தக்காரங்க முன்னால தொறந்தேன். ஒரே புகை நாத்தம்."

"கெட்டுப்போச்சுங்களா?"

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். புகை புடிச்ச கொப்பரைன்னா மோந்து பார்த்ததுமே வேண்டாம்னு தள்ளிருவோமில்லீங்க, அந்தப் பழக்கம். 'உங்களை எவனோ நல்லா ஏமாத்திப்போட்டான் மாப்பிள்ளை'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. முழு பாட்டிலையும் தென்னைமரத்தடியில ஊத்திப்போட்டேன்."

"அப்புறம்?"

"நேத்து எம்புள்ள போன்ல சொல்றா. அதே ஸ்காட்லாந்துல ஸ்பேசைடுன்னு இன்னொரு பக்கத்துச் சரக்குன்னா பழவாசம், தேன்வாசமா இருக்குமாம். ஐலா சரக்குக்கு அந்தப் புகையாலதான் பேரேங்கறா. கெடச்ச ஒரே பாட்டிலை மாப்பிள்ளை எனக்குன்னு தேடி வாங்கினாராமுங்க."

"மாப்பிள்ளை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

மூத்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"'பார்த்து வாங்காம உட்டுப்போட்டேனுங்க மாமா, தப்பு என்னுதுதான்'னு எல்லார் முன்னாலயும் சொன்னாருங்க."