சுவத்துல செவப்புக் கோடு

மோரு புளிக்குதா சார்? இன்னொரு செம்பு தாரேன். அழிக்கிறதுக்கு என்ன அவசரம்? ரெண்டு வருசமா அந்தக் கோடு எங்க சுவத்துலதேன் கெடக்கு, எங்கிட்டும் ஓடிறாது.

ஆமா, மேல அணை கட்டிட்டாக, இனி வெள்ளம் இம்புட்டுத் தூரம் ஏறாதுன்னு உங்க ஆபீசு புது வரைபடத்துல போட்டிருக்கு, சரிதேன். நெசத்தச் சொன்னா அப்பவும் ஏறல சார். வாசப்படியத் தொட்டுட்டுத் திரும்பிருச்சு. எங்க மூத்தாரு, எங்க வீட்டுக்காரவுகளுக்கு அண்ணன், நிவாரணத்துக்கு ஆசப்பட்டு நெஞ்சளவு தண்ணின்னுட்டாரு. அவரு பனமரம் கணக்கா ஒசரம். வந்த ஆபீசரு அந்த நெஞ்சுக்கு நேராச் செவப்பு மையத் தடவிட்டுப் போயிட்டாக. கெடச்சது ஒரு போர்வை. அதுலயும் பாதி ஓட்ட.

இல்ல சார், அப்ப இந்த வீடு அவருக்கு. பாகம் பேசுறப்பவே கெணறு உள்ள பக்கம் எனக்குன்னு சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிட்டாரு. எங்களுக்கு மேட்டு வீடு, சுத்தியும் சரளை. ஒரு கொடம் தண்ணிக்கு இங்கதேன் வரணும். என் கொடத்தக் கண்டாலே மூத்தாரு பொஞ்சாதி, அந்த அக்காவுக்குத் தலவலி வந்துரும்.

கோடு விழுந்த வீட்டுக்கு லோன் கெடையாது, ஒரு செங்கல் கூட வைக்க விடமாட்டாகன்னு ஊரே பேசவும் மூத்தாருக்குப் பயம் புடிச்சுக்கிருச்சு. மழ இருட்டுனா கட்டில் மேல ஏறிக்குவாரு. தான் விட்ட கதைக்குத் தானே பயந்தா எப்படி சார்? கடைசில தம்பி, வீட்ட மாத்திக்கிருவமான்னு அவராத்தேன் கேட்டாரு. நாங்க மொதல்ல வேண்டாம்னோம். சும்மா, ஒரு மரியாதைக்கு. போன மாசந்தேன் இங்கிட்டுக் குடி வந்தோம்.

ஏத்தா பொன்னழகு, சாரு படத்து மேல ஒக்காராத! அடியாத்தி, ஒண்ணுக்குப் போயிட்டாளே! கோவிச்சுக்கிறாதீக சார், பச்சப்புள்ள. ஆத்தத் தாண்டி, ரோட்டத் தாண்டி, உங்க ஆபீசு வரைக்கும் வெள்ளம் ஏறிருச்சே! மை கலையல, குடுங்க, கொடியில காயப் போடுறேன். படம் காயாம எப்படி வேல பாப்பீக? அதுக்குள்ள ஒரு வாய் சாப்டுங்க. கத்தரிக்கா வெஞ்சனம் இருக்கு.

அந்தா, திண்டுக்கல் பஸ்சு வந்துருச்சு. எறங்குறாகள்ல, அதுதேன் எங்க வீட்டுக்காரவுக. துண்ட ஆட்டுறாக பாத்தீகளா? பின்னாடியே மூத்தாரு வாராரு, தப்பிச்சோம்டான்னு சிரிச்ச மொகமா. ஒண்ணுமில்ல சார், இன்னைக்குத்தேன் பத்திர ஆபீசுல, வீடு மாத்துனபடியே பாகம் பதிஞ்சாக.

இப்ப அழிங்க சார். நல்லாத் தேச்சு அழிங்க. மேல பூச சுண்ணாம்பு நேத்தே கரச்சு வச்சுட்டேன்.