எங்கேயும் இறங்காத பயணி

கிறிஸ்மஸ் அன்று மதியம் பதுளையிலிருந்து வெலிமடைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க புள்ள இறங்குற?” என்று மூத்தவர் கேட்டார்.

“எங்கயும் இறங்கலக்கா. இதே பஸ்ஸுல திரும்பிருவேன்,” என்றாள் புதுத்தாலி அணிந்திருந்த இளையவள்.

“பெருநாளும் அதுவுமா?”

“வண்டி ஓட்டுறது எங்க வீட்டுக்காரருதாங்க்கா. கல்யாணம் முடிஞ்சு மொத கிறிஸ்மஸ், லீவு கெடைக்கல. அம்மா என்னைய மட்டும் பூனாகலை வீட்டுக்கு வரச் சொன்னாங்க. இவர விட்டுட்டு எப்படிப் போறது?”

“அம்மாவுக்கு வருத்தமா இருக்காதா?”

“இருக்கும். எனக்குந்தான். ஆனா எங்க தேயிலத் தோட்டத்துல இருந்து பஸ் ஓட்ட வந்த மொத ஆளு இவருதாங்க்கா.”

ஒரு வளைவில் எதிரே லொறி வந்துவிட்டது. பள்ளத்தின் ஓரமாகவே பஸ் பின்னால் நகர்ந்தது. நாங்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். அவள் மடியிலிருந்த கேக் பெட்டியை மட்டும் பிடித்திருந்தாள்.

“பயமா இல்லியா?”

“அவரு ஓட்டுறப்பவாக்கா?”

லொறி கடந்து போனது. வெலிமடையில் இறங்கும்போது மூத்தவர் டிரைவரிடம், “தம்பி, ஒங்க பொண்டாட்டிக்கு ஒங்களப் பத்தி ரொம்பப் பெருமை,” என்றார்.

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“காலையில இருந்து ஏறுற எல்லார்கிட்டயும் இதத்தாங்க சொல்லிட்டு வருது. பின்ன நான் தப்பா ஓட்ட முடியுங்களா?”