என் வரிசை எப்படி இருக்கு?

மரகதம்: பன்னெண்டு வீட்டுக் காய்கறிப் பையும் வந்துடுச்சா தாஸு? கேட்டுக்குள்ள வெச்சிடு. சரி… என் வரிசை எப்டி இருக்கு? அத மொதல்ல சொல்லு.

தாஸ்: இன்னாக்கா, வாரா வாரம் இதே கேள்வி! நீங்கல்லாம் விதைக்க வந்த அன்னிக்கு, வரிசைக்கு வரிசை உங்க பேர எழுதி குச்சி நட்டது என் தப்பு.

மரகதம்: சனிக்கிழமை விடிஞ்சா நா பெங்களூரு விவேக் நகர்லயே இல்லடா. இங்க பஸ்ஸு ஹாரன் அடிக்கும்… மனசு உன் பங்காருபேட்டைத் தோட்டத்துல நிக்கும். சொல்லேன்.

தாஸ்: பீன்ஸு கொடி… குச்சி உச்சிக்குப் போயிடுச்சுக்கா. வெள்ளப் பூ. காலைல பனி அது மேல…

மரகதம்: ம்… சொல்லு, சொல்லு…

தாஸ்: மஞ்சப் பட்டாம்பூச்சி ரெண்டு. உன் வரிசைய விட்டுப் போவவே மாட்டேங்குது.

மரகதம்: போன வாரம் மூணுன்ன?

தாஸ்: ஒண்ணு… பக்கத்து வீட்டு உஷாக்கா வரிசைக்குப் போயிருக்கும்.

மரகதம்: போக்கிரி! இரு, பையப் பிரிக்கிறேன்… முன்னல்லாம் பிரிச்சதும் செம்மண்ணு வாசன குப்புனு வரும். கண்ண மூடிக்குவேன். இப்ப கேரட்டு குளிச்சிட்டு வந்திருக்கு.

தாஸ்: கழுவிட்டேன்கா…

மரகதம்: மூணு வாரமாவா?

தாஸ்: ஸ்வல்ப… கொஞ்சம் உக்காருக்கா… மூணு வாரம் முன்ன ஆலங்கட்டி மழ. பத்தே நிமிஷம். ஒண்ணும் மிஞ்சல. இதெல்லாம் சிவாஜிநகர் மார்க்கெட்ல வாங்கினது.

மரகதம்: பட்டாம்பூச்சி?

தாஸ்: அதுவும் பொய்தான். போகத்துக்கு முன்னயே நம்பி காசு குடுத்தீங்க. காலிப் பையோட வந்து எப்டி நிப்பேன்? அடுத்த போகத்துக்கு ஒருத்தரும் சேரலன்னா நெலத்த வித்துட்டு, நானும் கோலார் ஆளுங்களோட விடியக்கால ரயில்ல தொங்கிகினு வேலைக்கு வரணும். பயந்துட்டேன்கா.

மரகதம்: வெளைஞ்சாலும் பங்கு, போனாலும் பங்கு. நீதான அன்னிக்கு எங்கள உக்கார வெச்சு சொன்ன?

தாஸ்: சொன்னேன்… ஆனா ஒண்ணு, சத்தியமா நெசம்கா. மனசு தாங்காம அந்தப் பக்கமே போவாம இருந்தேன். வியாழக்கிழமதான் போனேன். பன்னெண்டு வரிசைலயும் வெந்தயக்கீர… ஊசி ஊசியா மொளச்சுக் கீது! நா விதைக்கவே இல்ல. கனவான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தேன். மாதாவே எறங்கி வந்து தூவிட்டுப் போனாப்ல…

மரகதம்: மாதாவாம்! ஏன்டா, கழுவின கேரட்டப் பாத்தா எங்களுக்குத் தெரியாதா? போன ஞாயிறு நீ சர்ச்சுல பூசைக்குப் போன நேரம் பாத்து பன்னெண்டு வீடும் ரயிலேறி வந்தோம். ஆளுக்கு ஒரு பிடி வெந்தயம், அவங்கவங்க குச்சிகிட்ட தூவினோம். உஷா சேத்துல வழுக்கி விழுந்து இன்னும் நொண்டுறா. அடுத்த வாரம் மண்ணோட பிடுங்கிட்டு வா, கழுவிக் கிழுவித் தொலைக்காத.